விலங்குக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

மூச்சுப்பாதையைத் தாக்கும் வைரஸ்களையும் அவற்றுக்கான மருந்துகளையும் ஆராய வரும் இளம் கால்நடை மருத்துவர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் இவற்றை எழுதுகிறேன். என் பணிக்காலத்தில் பெரும்பகுதி, நோயுற்ற விலங்குகளின் நுரையீரலை மைக்ராஸ்கோப்பின் கீழ் பார்ப்பதிலேயே கழிந்தது. அந்த ஒவ்வொரு கண்ணாடித் துண்டுக்குப் பின்னும் ஓர் உயிர் இருந்தது. அந்த உயிரைக் கேட்டு வாங்க நமக்கு ஒரு காரணம் வேண்டும். தெளிவான கேள்வி ஒன்றுதான் அந்தக் காரணமாக இருக்க முடியும்.

1. முதலில் கேள்வி, அப்புறம்தான் விலங்கு.

“எங்கள் கூடத்தில் ஹாம்ஸ்டர் இருக்கிறது, இந்த மருந்தை அதில் போட்டுப் பார்க்கலாம்” என்று தொடங்கும் ஆய்வுத் திட்டங்களை நிறையப் படித்திருக்கிறேன். அங்கே முறை தலைகீழாகிவிடுகிறது. உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். இந்த வைரஸ் காற்றுவழி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுமா? நுரையீரலை எந்த அளவு கெடுக்கும்? மருந்து வைரஸின் அளவைக் குறைக்குமா, நோயைக் குறைக்குமா? தடுப்பூசி போட்ட உடலில் பிறகு வைரஸ் நுழைந்தால் தீங்கு கூடுமா? இவை எல்லாம் வேறு வேறு கேள்விகள். ஒரே விலங்கு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லாது. வாக்கியம் எழுத வரவில்லை என்றால் கூண்டைத் திறக்க வேண்டாம்.

2. ஃபெரெட்டின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் துறை அதிலிருந்துதான் தொடங்குகிறது. 1918 பெருங்காய்ச்சல் கோடிக்கணக்கானவர்களைக் கொண்டுபோன பிறகும், அதற்குக் காரணம் எது என்று பல ஆண்டுகள் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஒரு பாக்டீரியாவைத்தான் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தார்கள். 1933-இல் லண்டனில், தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில், வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெயிட்லா ஆகிய மூவரும் நோயாளிகளின் தொண்டைக் கழுவுநீரை வடிகட்டி, பாக்டீரியா இல்லாத அந்த நீரை ஃபெரெட்டின் மூக்கில் விட்டார்கள். கீரியைப் போல நீண்ட உடல் கொண்ட அந்தச் சிறு விலங்குக்குக் காய்ச்சல் வந்தது, மூக்கு ஒழுகியது, தும்மியது. மனிதனின் இன்ஃப்ளுயன்சா வைரஸ் அப்படித்தான் பிடிபட்டது.

ஏன் ஃபெரெட்? நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோயை லெயிட்லா அதற்கு முன்பே ஃபெரெட்டில் ஆராய்ந்திருந்தார். விலங்கு கையில் பழகியிருந்தது, அதை வைத்துக் காக்கும் முறையும் தெரிந்திருந்தது. அது ஏன் மனிதனைப் போலவே நோயுறுகிறது என்பதற்கான விளக்கம் வெகுகாலம் கழித்து வந்தது. காய்ச்சல் வைரஸ் பற்றிக்கொள்ளும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை, நம் மேல் மூச்சுப்பாதையில் எந்த வடிவில் அதிகமோ அதே வடிவில் ஃபெரெட்டின் மூச்சுப்பாதையிலும் இருக்கிறது. ஆகவே, காய்ச்சல் வைரஸ் பரவுமா என்ற கேள்விக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வரும் விலங்கு அதுவே. ஆனால் ஃபெரெட் விலை கூடியது, பெரிய கூண்டு கேட்பது, அதன் நோய் எதிர்ப்பு அணுக்களை அளக்கத் தேவையான பொருள்கள் சுண்டெலிக்குக் கிடைப்பதுபோல் கிடைப்பதில்லை.

பரவலைப் பற்றிய கேள்விக்குக் கினிப்பன்றியும் உதவும். நியூயார்க்கில் பீட்டர் பலேசியின் குழு, நியூ மெக்சிகோவின் ராணுவ முகாம் ஒன்றில் கினிப்பன்றிகள் மாண்டதைப் பற்றிய 1919-ஆம் ஆண்டின் பழைய கட்டுரை ஒன்றைக் கண்டுதான் அந்த விலங்கின் பக்கம் திரும்பியது. குளிர்ந்த, உலர்ந்த காற்றில் காய்ச்சல் எளிதாகப் பரவுகிறது என்பதை அக்குழு 2007-இல் அதைக் கொண்டே காட்டியது. பழைய கட்டுரைகளைப் படியுங்கள். அவற்றில் இன்னும் நிறைய இருக்கிறது.

3. சுண்டெலியின் குறைகளை மனப்பாடம் செய்யுங்கள்.

எல்லாரும் சுண்டெலியில்தான் தொடங்குவீர்கள். மலிவு, சீக்கிரம் பெருகும், மரபணுவை விரும்பியபடி மாற்றலாம். அதில் குற்றமில்லை. ஆனால் மனிதக் காய்ச்சல் வைரஸ்களில் பல சுண்டெலியின் நுரையீரலில் அப்படியே வளர்வதில்லை. எலியிலிருந்து எலிக்கு மாற்றி மாற்றிப் பழக்க வேண்டும். உலகம் முழுவதும் பயன்படும் பிஆர்8 என்ற வைரஸ் 1934-இல் போர்ட்டோ ரிக்கோவில் கிடைத்தது. இன்று அது பழக்கப்பட்ட ஆய்வுக்கூட வைரஸ். அதில் கிடைத்த விடையை இந்த மழைக்காலத்தில் தெருவில் சுற்றும் வைரஸுக்கு அப்படியே ஏற்றிப் பேசாதீர்கள். சுண்டெலி நம்மைப் போல இருமாது. நோய் முற்றினால் நமக்கு உடல் சுடும், அதற்கு உடல் குளிரும். வெப்பமானியைக் கையில் எடுக்கும்போது இதை மறக்காதீர்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. அலிக் ஐசக்ஸுடன் சேர்ந்து 1957-இல் இன்டர்ஃபெரானைக் கண்டறிந்த ஜான் லிண்டன்மான், 1962-இல் ஒரு விந்தையைக் கவனித்தார். ஏ2ஜி என்ற வகைச் சுண்டெலிகள் மட்டும், மற்றவை சாகும் அளவு காய்ச்சல் வைரஸைக் கொடுத்தாலும் பிழைத்தன. காரணம் எம்எக்ஸ்1 என்ற மரபணு. இன்டர்ஃபெரானின் கட்டளைப்படி காய்ச்சல் வைரஸைத் தடுப்பது அதன் வேலை. நாம் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் தூய இனச் சுண்டெலிகளில் பெரும்பாலானவற்றில் அந்த மரபணு பழுதுபட்டது. அதாவது, கையில் முக்கியக் கருவி ஒன்று இல்லாத விலங்கைக் கொண்டு அந்தக் கருவியின் ஆற்றலை அளக்கப் பார்க்கிறோம். இன்டர்ஃபெரான் சார்ந்த ஒரு மருந்தை இந்தச் சுண்டெலியில் சோதித்துப் “பயனில்லை” என்று எழுதுவதற்கு முன், உங்கள் எலி எந்த வகை, அதன் எம்எக்ஸ்1 நலமா என்று பாருங்கள்.

4. விலங்கு எதனால் செத்தது என்று கேளுங்கள்.

2020-இல் கொரோனா வந்தபோது, சாதாரணச் சுண்டெலிக்கு அந்த வைரஸ் தொற்றவில்லை. எலியின் ஏசிஇ2 ஏற்பியை முதலில் வந்த வைரஸால் பற்ற முடியவில்லை. அப்போது கைகொடுத்தது கே18 என்ற எலி. மனித ஏசிஇ2 மரபணுவைச் சுமக்கும் இந்த எலியை, முதல் சார்ஸ் நோய்க்காக, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி பெர்ல்மனும் பால் மெக்ரேயும் தங்கள் குழுவினருடன் உருவாக்கி 2007-இல் வெளியிட்டிருந்தார்கள். முந்தைய தொற்றுக்குச் செய்த வேலை அடுத்த தொற்றில் உலகுக்கே உதவியது.

ஆனால் கே18 எலியின் உடலில் அந்த ஏற்பி மனித உடலில் இருக்கும் அளவிலும் இடங்களிலும் இல்லை. வைரஸ் மூளைக்குப் போகிறது. எலி ஒரு வாரத்தில் சாகிறது. பல எலிகளுக்கு மூளை வீக்கமே காரணம். நீங்கள் கொடுத்த மருந்து நுரையீரலை நன்றாகக் காத்து, மூளைக்குள் புகாமல் போனால், எலி எப்படியும் செத்துவிடும்; “மருந்து தோற்றது” என்று உங்கள் வரைபடம் காட்டும். உயிர்பிழைத்தோர் கோட்டை மட்டும் பார்த்தவருக்கு உண்மை கிடைக்காது. நுரையீரலையும் மூளையையும் தனித்தனியாக எடுத்து, வைரஸை அளந்து, திசுவையும் பார்த்தவருக்கே அது கிடைக்கும். இறப்பை எண்ணுவது எளிது என்பதால் அதையே விடையாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் துறையில் ஆழமாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

5. ஹாம்ஸ்டரைப் பற்றிச் சில நடைமுறைகள்.

பொன்னிறச் சிரியன் ஹாம்ஸ்டருக்கு மரபணு மாற்றம் எதுவும் வேண்டாம். கொரோனா அதற்கு இயல்பாகவே தொற்றும். ஹாங்காங் ஆய்வாளர்கள் இதை 2020-இலேயே காட்டினார்கள். வைரஸ் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும், எடை ஒரு வாரம் குறையும், இரண்டு வாரத்தில் விலங்கு தேறிவிடும். மிதமான நோய் கண்டு குணமாகும் மனிதர்களுக்கு இது நல்ல ஒப்பு. வெண்டிலேட்டரில் கிடக்கும் முதியவருக்கு ஒப்பாகாது.

எடைதான் இங்கே முக்கிய அளவு. எனவே எடை பார்ப்பதில் ஒழுங்கு வேண்டும். ஒரே தராசு, ஒரே நேரம், முடிந்தால் ஒரே ஆள். ஹாம்ஸ்டர் தீனியைக் கன்னப் பையில் அடைத்துவைக்கும், படுக்கைத் தூளுக்குள்ளும் பதுக்கும். தட்டில் தீனி குறைந்தது என்பதால் அது தின்றது என்று எழுதிவிடாதீர்கள். இரவில் ஓடியாடும் விலங்கு அது. பகலில் சுருண்டு கிடப்பதைச் சோர்வு என்று குறிக்க வேண்டாம். வளர்ந்த ஹாம்ஸ்டர்கள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். அந்தக் காயத்தால் குறைந்த எடை உங்கள் வைரஸின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

6. மூக்கில் விடும் துளியின் அளவும் ஒரு முடிவு.

மயக்கமில்லாத சுண்டெலியின் மூக்கில் 10 மைக்ரோலிட்டர் விட்டால் அது பெரும்பாலும் மூக்கிலேயே தங்கும். மயக்கம் கொடுத்து 50 மைக்ரோலிட்டர் விட்டால் நுரையீரலுக்குள் இறங்கும். வைரஸ் அதே, எலி அதே, ஆனால் நோய் இரண்டு. கட்டுரையில் வைரஸின் அளவை மட்டும் எழுதி, துளியின் அளவையும் மயக்கத்தையும் விட்டுவிட்டால் அதை இன்னொருவர் திரும்பச் செய்ய முடியாது.

நுரையீரலை எடுக்கும்போதும் அப்படித்தான். சுண்டெலியின் இடது நுரையீரல் ஒரே மடல், வலது நான்கு மடல். எது திசு ஆய்வுக்கு, எது வைரஸ் அளவுக்கு என்று முதல் நாளே முடிவுசெய்து எல்லா எலிகளிலும் அதையே பின்பற்றுங்கள். ஃபார்மலினை மூச்சுக்குழல் வழியே மெதுவாக ஏற்றி நுரையீரலை விரித்த பிறகு பதப்படுத்துங்கள். சுருங்கிப்போன நுரையீரலைக் கண்ணாடியில் பார்த்து “நிமோனியா” என்று எழுதியவர்கள் உண்டு.

7. மருந்தை எப்போது கொடுத்தீர்கள் என்பதே பாதி விடை.

இந்த ஒன்றை மட்டுமாவது நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். விலங்குக்குத் தொற்று ஏற்பட்ட மணி நமக்குத் தெரியும், ஏனென்றால் தொற்ற வைத்தது நாம். மருத்துவமனைக்கு வருகிறவருக்கு அது தெரியாது. அவர் இருமத் தொடங்கி, கஷாயம் குடித்து, பக்கத்துக் கடையில் மாத்திரை வாங்கி, மூச்சு வாங்கிய பிறகு வருகிறார். அதற்குள் வைரஸ் உச்சத்தைத் தாண்டியிருக்கும். நாமோ வைரஸைக் கொடுப்பதற்கு முந்தின நாளே மருந்தைத் தொடங்கி, “99 சதவீதம் குறைந்தது” என்று மகிழ்கிறோம்.

ரெம்டெசிவிரைப் பாருங்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள ராக்கி மவுண்டன் ஆய்வுக்கூடத்தில் ரீசஸ் குரங்குகளுக்குக் கொரோனா வைரஸ் கொடுத்து 12 மணி நேரத்தில் மருந்தைத் தொடங்கினார்கள். நுரையீரல் பாதிப்பு குறைந்தது. ஆனால் மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் வெளியேறும் வைரஸ் குறையவில்லை. அந்தக் கட்டுரை இரண்டையும் மறைக்காமல் சொன்னது, அதற்காக அதை மதிக்கிறேன். பிறகு மனிதர்களில் என்ன நடந்தது? மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்குக் குணமாகும் காலம் 15 நாளிலிருந்து 10 நாளாகக் குறைந்தது என்றது ஓர் ஆய்வு. உலக சுகாதார நிறுவனத்தின் பெரிய ஆய்வின் இடைக்கால முடிவு, இறப்பில் பெரிய மாற்றமில்லை என்றது. ஆனால் அதே மருந்தை, நோய் தொடங்கி ஏழு நாளுக்குள், மருத்துவமனைக்கு வெளியே இருந்த ஆபத்துள்ள நோயாளிகளுக்குக் கொடுத்தபோது மருத்துவமனைச் சேர்க்கை 87 சதவீதம் குறைந்தது. குரங்கு பொய் சொல்லவில்லை. 12 மணி நேரத்தில் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள், அது அதற்குப் பதில் சொன்னது. அந்தப் பதிலைப் பத்தாம் நாள் நோயாளியின் படுக்கைக்குக் கொண்டுபோனது நாம்.

மறுபுறம், வீக்கத்தை அடக்கும் டெக்ஸாமெத்தசோன். 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, வெண்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கு குறைப்பதாகக் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் இல்லை. வைரஸ் பெருகும் கட்டம் ஒன்று, உடலின் வீக்கம் கட்டுமீறும் கட்டம் இன்னொன்று. மழை தொடங்குமுன் விரித்த குடை வைரஸ் மருந்து. நனைந்து வந்தவருக்கு வேண்டியது துவட்டத் துண்டு. இளம், நலமான விலங்கில் ஐந்து நாளில் முடிந்துவிடும் ஆய்வு இரண்டாம் கட்டத்தைத் தொடுவதே இல்லை. அதனால் உங்கள் திட்டத்தில் குறைந்தது மூன்று குழுக்கள் வையுங்கள்: முன்கூட்டியே கொடுத்தது, சில மணி நேரம் கழித்துக் கொடுத்தது, நோய்க்குறி தெரிந்த பின் கொடுத்தது. மூன்றாவது குழுவின் முடிவு அழகாக இருக்காது. மருத்துவருக்கு வேண்டியது அதுதான். வயதான விலங்குகளையும் சேர்க்க முடிந்தால் சேருங்கள். கொரோனாவில் முதிய எலிக்கும் முதிய ஹாம்ஸ்டருக்கும் நோய் கடுமையாகவே வருகிறது.

8. மருந்து அந்த விலங்கின் உடலில் என்ன ஆகிறது?

சுண்டெலியின் ரத்தத்தில் ரெம்டெசிவிரை விரைவாகச் சிதைக்கும் கார்பாக்ஸிலெஸ்டெரேஸ் என்ற என்சைம் மிகுதி. அந்த என்சைமின் மரபணுவை நீக்கிய எலிகளில்தான் அம்மருந்தைச் சரியாகச் சோதிக்க முடிந்தது. இதை அறியாமல் சாதாரண எலியில் சோதித்திருந்தால் நல்ல மருந்தொன்றைக் குப்பையில் போட்டிருப்போம்.

இதற்கு நேர்மாறான கதை ஹைட்ராக்சிகுளோரோகுயின். வீரோ செல்களில் அது கொரோனா வைரஸை அடக்கியது. நம் நாட்டில் 2020 மார்ச்சிலேயே சுகாதாரப் பணியாளர்களுக்குத் தடுப்பு மருந்தாகப் பரிந்துரைத்தார்கள்; மருந்துக்கடைகளில் அது கிடைக்காமல் மூட்டுவாத நோயாளிகள் திண்டாடினார்கள். வீரோ என்பது ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த செல். நம் நுரையீரல் செல்களில் வைரஸுக்கு வாசல் திறக்கும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற என்சைம் அதில் போதிய அளவில் இல்லை. ஆகவே அங்கே வைரஸ் வேறு வழியாக நுழைந்தது. அந்த வழியைத்தான் மருந்து அடைத்தது. மனித நுரையீரல் செல்லில் சோதித்தபோது பயனில்லை. ஹாம்ஸ்டரிலும் குரங்கிலும் பயனில்லை. மனிதர்களில் ரெக்கவரி ஆய்வும் பயனில்லை என்று 2020 ஜூனில் அந்தப் பகுதியை நிறுத்தியது. கவனமாகச் செய்த சில விலங்கு ஆய்வுகள் முன்னால் வந்திருந்தால் எவ்வளவோ குழப்பம் தவிர்ந்திருக்கும். விலங்கு ஆய்வின் தேவையைச் சந்தேகிப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

9. பயன் தருமா என்பதோடு, கெடுதல் செய்யுமா என்றும் கேளுங்கள்.

ஆர்எஸ்வி என்ற வைரஸ் கைக்குழந்தைகளின் மூச்சுக்குழல்களை அடைப்பது. 1956-இல் அமெரிக்காவில் ஆய்வுக்கூடச் சிம்பன்சிகளுக்குச் சளி பிடித்தபோதுதான் அது முதலில் கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டு ராபர்ட் சானக் அதைக் குழந்தைகளிடம் கண்டார். 1960-களின் நடுவில் வைரஸை ஃபார்மலினில் கொன்று தடுப்பூசி செய்தார்கள். போலியோவுக்குக் கைகொடுத்த வழி அது. தடுப்பூசி பெற்ற கைக்குழந்தைகள் அடுத்த குளிர்காலத்தில் வைரஸைச் சந்தித்தார்கள். அவர்களில் ஒரு குழுவில் தொற்றுக்கு ஆளான 20 பேரில் 16 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இந்தத் தடுப்பூசி பெறாத ஒப்பீட்டுக் குழுவில் தொற்றுக்கு ஆளான 21 பேரில் ஒருவர்தான். தடுப்பூசி பெற்றவர்களில் இரண்டு குழந்தைகள் இறந்தன.

இந்த எண்களை நான் மாணவர்களிடம் சொல்லும் ஒவ்வொரு முறையும் வகுப்பு அமைதியாகிவிடும். அப்படித்தான் ஆக வேண்டும். தடுப்பூசி எதிர்ப்பொருளை உண்டாக்குகிறதா என்று பார்த்தார்கள்; உண்டாக்கியது. தடுப்பூசி பெற்ற உடலுக்குள் உண்மையான வைரஸ் வந்தால் நுரையீரலில் என்ன நடக்கும் என்று முன்னரே காட்டித்தர அன்று பொருத்தமான விலங்கு கையில் இல்லை.

அந்த விலங்கு பிறகு கிடைத்தது. அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் காட்டன் ரேட் என்ற எலி, மனித ஆர்எஸ்வியைப் பழக்காமலே ஏற்கும். கிரிகரி பிரின்ஸ் அதை நிலைநிறுத்தினார். ஃபார்மலின் தடுப்பூசி போட்ட காட்டன் ரேட்டுக்கு வைரஸ் கொடுத்தபோது, குழந்தைகளின் நுரையீரலில் கண்ட அதே வகை அழற்சி வந்தது. அதன் பிறகு ஆர்எஸ்வி தடுப்பூசிகளின் பாதுகாப்பை எடைபோடுவதில் இந்தச் சோதனைக்கு முக்கிய இடம் கிடைத்தது. ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரஹாம் குழுவினர் வைரஸின் எஃப் புரதம் செல்லோடு இணைவதற்கு முன் கொண்டிருக்கும் வடிவத்தை 2013-இல் தெளிவாக்கினார்கள். ஃபார்மலின் தடுப்பூசி அந்த வடிவத்துக்கு எதிரான காப்பைத் தரவில்லை என்பதும் விளங்கியது. 2023-இல் முதியோருக்கும் கருவுற்ற பெண்களுக்கும் ஆர்எஸ்வி தடுப்பூசிகள் ஒப்புதல் பெற்றன. அந்த ஃபார்மலின் தடுப்பூசிக்கும் இதற்கும் இடையில் எத்தனை குளிர்காலங்கள், எத்தனை குழந்தைகள் என்று எண்ணிப்பாருங்கள்.

காட்டன் ரேட் நமக்கு நல்ல செய்தியும் தந்தது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் மில்லிலிட்டருக்கு 40 மைக்ரோகிராம் இருந்தால் நுரையீரலில் வைரஸ் நூறில் ஒன்றாகக் குறைகிறது என்று அது காட்டியது. அந்த எண்ணை இலக்காக வைத்தே பாலிவிசுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்தின் அளவு, கிலோ எடைக்கு 15 மில்லிகிராம், மாதம் ஒரு முறை என்று குறிக்கப்பட்டது. 1998-இல் வெளியான ஆய்வில், குறைமாதத்தில் பிறந்தவர்கள் உட்பட 1,502 குழந்தைகளில், ஆர்எஸ்வியால் மருத்துவமனையில் சேர்வது 10.6 சதவீதத்திலிருந்து 4.8 சதவீதமாகக் குறைந்தது. குரங்குச் சோதனை இடையில் இல்லாமல் ஒரு சிறு எலி சொன்ன அளவு மனிதக் குழந்தைக்குப் பொருந்தியது. நோய் வந்துவிட்ட குழந்தைக்கு அதே மருந்து உதவவில்லை. ஏழாவது அறிவுரையை இங்கே இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசியின் தீங்கைத் தேடும் சோதனையில் ஒரு கண்ணி உண்டு. தடுப்பூசியை வளர்த்த செல் ஊடகத்தின் கன்றுச் சீரம் தடுப்பூசியில் கொஞ்சம் ஒட்டியிருந்து, பிறகு கொடுக்கும் வைரஸிலும் அதே சீரம் இருந்தால், விலங்கின் உடல் சீரத்தை எதிர்த்தே வீங்கும். அதைப் பார்த்துவிட்டுத் தடுப்பூசி தீங்கு செய்கிறது என்று முடிவுகட்டிவிடலாம். வைரஸைச் சுத்திகரியுங்கள். வைரஸ் இல்லாத செல் ஊடகத்தை மட்டும் தடுப்பூசி போலக் கொடுத்த ஒரு குழுவை எப்போதும் வையுங்கள்.

10. குரங்கு கடைசியில்.

கொரோனாத் தடுப்பூசியான கோவாக்சினுக்காகப் புனேயின் தேசிய வைராலஜி நிறுவனத்தில் 20 ரீசஸ் குரங்குகளை ஐந்து ஐந்தாக நான்கு குழுக்களாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஹாம்ஸ்டரிலும் பார்த்திருந்தார்கள். குரங்கு நம் நெருங்கிய உறவு என்பதால் அதன் சொல்லுக்கு எடை அதிகம், நம் பொறுப்பும் அதே அளவு அதிகம். கொரோனாவில் ரீசஸ் குரங்குக்கு வருவது பெரும்பாலும் லேசான நோய்தான். கடும் நோயை அதில் தேடாதீர்கள்.

11. குழுப் பிரிப்பதை உங்கள் கைக்கு விடாதீர்கள்.

கூண்டுக்குள் கையை விட்டால் முதலில் அகப்படுவது மந்தமான எலி. அது ஒரே குழுவில் போய்ச் சேரும். சீட்டுக் குலுக்குங்கள் அல்லது கணினியிடம் எண் கேளுங்கள். திசுவைப் பார்ப்பவருக்கு எந்தக் கண்ணாடி எந்தக் குழு என்று தெரியக்கூடாது. நான் பார்க்கும்போது என்னிடமும் சொல்லாதீர்கள் என்றே கேட்பேன். எத்தனை விலங்கு என்பதைப் புள்ளியியலாளருடன் அமர்ந்து முன்னரே கணக்கிடுங்கள். தேவைக்கு அதிகமாக எடுப்பது கொடுமை. தேவைக்குக் குறைவாக எடுத்து, விடை தெரியாமல் எல்லா விலங்கையும் இழப்பது அதைவிடக் கொடுமை. பெண் விலங்கு, ஆண் விலங்கு இரண்டையும் சேருங்கள்.

12. எப்போது நிறுத்துவது என்று தொடங்குமுன் எழுதுங்கள்.

ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் வகுத்த மூன்று நெறிகளை எல்லாரும் ஒப்பிப்பீர்கள்: மாற்று வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. மூன்றாவதுதான் நடுராத்திரியில் சோதிக்கப்படுவது. எடை 20 சதவீதம் குறைந்தால், உடல் குளிர்ந்தால், அசைவின்றி முதுகு கூனி முடி சிலிர்த்து நின்றால் அந்த விலங்கின் பங்கு முடிந்தது, வலியின்றி முடித்துவையுங்கள். “நாளைக் காலை வரை தாங்குமா பார்ப்போம்” என்று விடாதீர்கள். இரவில் தானாகச் செத்த விலங்கின் திசு காலைக்குள் கெட்டுவிடும், அதிலிருந்து கற்கவும் ஒன்றும் மிஞ்சாது. நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழுவுக்கு எழுதும் ஃபார்ம் பி விண்ணப்பத்தில் இந்த எல்லைகளை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். சென்ற ஆண்டு யாரோ எழுதியதைப் படியெடுக்காதீர்கள்.

13. கூண்டு இரு பக்கமும் திறக்கும்.

1936-இல் ஆய்வாளர் சார்லஸ் ஸ்டூவர்ட்-ஹாரிஸ் இன்ஃப்ளுயன்சா தொற்றிய ஃபெரெட்டைப் பரிசோதிக்கும்போது அது அவர் முகத்திலேயே தும்மியது. இரண்டு நாளுக்குள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. அவரிடமிருந்து வைரஸையும் எடுத்தார்கள். அந்த வைரஸ் ஃபெரெட்டிலிருந்து மனிதனுக்குப் போகிறது என்று இப்படித்தான் உறுதியானது. 2022 ஜனவரியில் ஹாங்காங்கில் செல்லப்பிராணிக் கடை ஒன்றின் ஹாம்ஸ்டர்களிடமிருந்து மனிதர்களுக்குக் கொரோனா பரவி, சுமார் 2,000 சிறு விலங்குகளைக் கொன்றார்கள். சளி பிடித்த நாளில் நீங்கள் ஃபெரெட் அறைக்குள் போகாதீர்கள். உங்கள் காய்ச்சல் அதற்கு வந்தால் மாதக்கணக்கான வேலை வீண். முகக்கவசம் சரியாகப் பொருந்துகிறதா என்று சோதிக்காமல் பிஎஸ்எல்-3 அறைக்குள் யாரும் நுழையக்கூடாது, துறைத்தலைவரே ஆனாலும்.

பறவைக் காய்ச்சலை ஃபெரெட்டிடையே காற்றில் பரவும்படி மாற்றிய ஃபூஷியே, கவாவோகா ஆய்வுகள் 2012-இல் உலகையே இரண்டாகப் பிரித்தன. அறிவு வேண்டும் என்றார்கள் ஒரு சாரார், அந்த அறிவே ஆபத்து என்றார்கள் மறு சாரார். இத்தகைய வேலை எதுவும் ஒரு தனி ஆய்வுக்கூடத்தின் விருப்பத்தில் நடக்கலாகாது என்பது என் கருத்து.

14. விலங்கு தேவைப்படாத இடத்தையும் அறியுங்கள்.

ஃபெரெட்டில் வெற்றி கண்ட அதே ஆண்ட்ரூஸ், சாதாரணச் சளிக்கு உதவும் சிறு விலங்கு எதுவும் கிடைக்காமல், 1946-இல் இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் சளி ஆய்வு மையத்தைத் தொடங்கி, விரும்பி வந்த மனிதர்களைக் கொண்டே ஆராய்ந்தார். 2021-இல் பிரிட்டனில் 36 இளம் தன்னார்வலர்களுக்கு மிகக் குறைந்த அளவில் கொரோனா வைரஸ் கொடுத்துப் பார்த்த ஆய்வும் அந்த வழியில் வந்தது. மனித மூச்சுக்குழல் செல்களைக் காற்றைத் தொடும்படி வளர்க்கும் முறை இன்று பல கூடங்களில் இருக்கிறது. வைரஸ் எந்தச் செல்லில் நுழைகிறது, மருந்து அதைத் தடுக்கிறதா என்ற அளவில் கேள்வி நின்றால் அங்கேயே முடியுங்கள். காய்ச்சல், எடை, பரவல், நோய் எதிர்ப்பு, மருந்தின் சிதைவு என முழு உடல் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்விக்கு மட்டும் விலங்கிடம் போங்கள்.

15. தோற்ற ஆய்வையும் வெளியிடுங்கள். விலங்கின் வகை, வயது, பால், வைரஸின் வகை, துளியின் அளவு, மருந்து தொடங்கிய மணி, இறந்தவை, விலக்கியவை, விலக்கியதன் காரணம் எல்லாவற்றோடும். வெளியிடாத தோல்வியை இன்னொரு ஊரில் இன்னொருவர் இன்னொரு கூண்டில் திரும்பச் செய்வார்.

16. கூண்டு சுத்தம் செய்து தீனி வைக்கும் பராமரிப்பாளரிடம் தினமும் ஐந்து நிமிடம் பேசுங்கள். எந்த விலங்கு நேற்று தீனியைத் தொடவில்லை, எது மூலையில் ஒதுங்கியது, எந்த அறையில் ஏசி இரவில் நின்றுபோனது என்பதெல்லாம் உங்கள் பதிவேட்டுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். அண்ணன் என்றோ அக்கா என்றோ கூப்பிட்டுக் கேளுங்கள், கேட்டதை எழுதிக்கொள்ளுங்கள், கட்டுரை வெளிவரும்போது நன்றி சொல்லும் பத்தியில் அவர் பெயரையும் போடுங்கள்.